காரமும் சாரமும்

தமிழகத்திலிருந்து வரும் சஞ்சிகைகளில் சமையற் குறிப்புகளை வாசிக்கும் எமது பெண்களுக்கு ஒரு சொல் சற்று இடறும். அங்கே மிளகாய் காரமாயிருக்கிறது. எமது பக்கத்தில் மிளகாய் உறைக்கும். கறியில் உறைப்புக் கூடிவிட்டது என்போமே தவிர, காரம் கூடிவிட்டது என்று அம்பாறைக் கரையில் ஒருவரும் சொல்வதில்லை. காரம் என்றதும் எமக்கு நினைவுக்கு வருவன வேறு பொருட்கள். குளிக்கவும் துவைக்கவும் சவர்க்காரம், நகை செய்பவரின் பட்டறையில் வெண்காரம், கலங்கிய நீரைத் தெளியவைக்கச் சீனாக்காரம். (சீனாக்காரம் புளிப்புத் தன்மையுடையது. பாடசாலை விஞ்ஞான ஆசிரியர் அதைக் காரம் என்று ஒப்புக்கொள்ளமாட்டார். ஆயினும் சொற்கள் ஆசிரியரைக் கேட்டுக்கொண்டா வளர்கின்றன?)

இந்த விடயத்தில் எமது பேச்சு பழைய பொருளை விடாமல் வைத்திருக்கிறது என்றே கொள்ளலாம். வடமொழியில் க்ஷாரம் என்றால் அரிக்கும் பொருள், சாம்பலிலிருந்து எடுக்கும் உவர்ப்பொருள். அதுவே தமிழில் காரமாயிற்று. ஆங்கிலத்தில் அல்கலி என்கிறார்கள். அது அரபுச் சொல். உவர் நிலத்துச் செடிகளை எரித்த சாம்பலை அரபிகள் அல்-கலீ என்றனர். முன்னே நிற்கும் 'அல்' எதற்கென்று மருதமுனைப் பிள்ளைகளுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. கொஸ்ரிக் என்ற சொல்லோ கிரேக்கத்திலிருந்து வந்தது. எரிப்பது என்பது அதன் கருத்து. ஆக, மூன்று திசைகளிலிருந்து மூன்று சொற்கள் வந்தாலும் அவற்றின் அடியில் இருப்பது நெருப்பும் சாம்பலும்தான்.

வெற்றிலை போடும் எமது மூதாட்டிமாருக்கு இந்தப் பாடம் தேவையில்லை. சுண்ணாம்பு ஒரு நகக்கண் அளவு கூடினாலும் வாய் வெந்துபோகும் என்பதும், அந்த அளவுச் சுண்ணாம்பு இல்லாவிட்டால் வெற்றிலை சிவக்காது என்பதும் அவர்கள் அறிந்ததே.

இவ்வளவும் ஏன் எழுதுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். வயலை இழந்து இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு ஏதேனும் ஒரு கைத்தொழிலைக் கற்பிப்பது எம்மைப்போன்ற நிறுவனங்களின் வழக்கம். சவர்க்காரம் செய்தல், நூலுக்குச் சாயமிடல் ஆகிய இரண்டும் அந்தப் பட்டியலில் அடிக்கடி வருவன. இரண்டுக்கும் கொஸ்ரிக் சோடா வேண்டும். நெல்லையும் எருவையும் தவிர வேறொன்றையும் கையாளாத கைகளில் திடீரென்று இந்தப் பொருளைக் கொடுத்துவிடுகிறோம். அதைப்பற்றி விரிவாக எழுதுவது கடமை. அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு. அதைப்பற்றி எழுதுவது அதைவிடப் பெரிய கடமை.

மருதமுனையின் சாயச் சட்டி

கல்முனைக்கு வடக்கே, பாண்டிருப்புக்கும் பெரியநீலாவணைக்கும் நடுவே இருக்கிறது மருதமுனை. இரு பக்கத்திலும் தமிழ்க் கிராமங்கள், நடுவில் முஸ்லிம் ஊர், கிழக்கே கடல், மேற்கே வயல் வட்டைகள். தலைமுறை தலைமுறையாகக் கைத்தறிக்குப் பெயர்போன ஊர். சாரியும் நெய்வார்கள், படுக்கை விரிப்பும் நெய்வார்கள். ஆயினும் மருதமுனை என்றதும் பலருக்கு நினைவு வருவது சாரம். சாரம் என்றும் சாறன் என்றும் நாம் சொல்லும் இந்த உடைப் பெயர் மலாய் மொழியிலிருந்து வந்தது. பத்திரிகைகளில் காரசாரமான விவாதம் என்று வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஊர் நினைவில் வரும். இங்கே காரத்தைக் கொண்டுதான் சாரத்துக்கு நிறம் ஏற்றுகிறார்கள்.

அது எவ்வாறென்றால், துவைத்தாலும் போகாத நிறம் தரும் சாயங்களில் ஒரு வகை உண்டு. அவை தண்ணீரில் கரையமாட்டா. கரையாத பொருள் நூலுக்குள் எப்படி நுழையும்? அதற்குத்தான் கொஸ்ரிக் சோடாவும், ஹைட்ரோஸ் என்று கடையில் விற்கும் வெண்தூளும். இவை இரண்டும் சேர்ந்த வெந்நீரில் சாயம் தன் உருவை மாற்றிக்கொண்டு கரைந்துவிடும். பருத்தி நூற் கழிகளை அதில் அமிழ்த்திப் புரட்டுவார்கள். அவுரி நீலமாயின், சட்டிக்குள் இருக்கும்போது நூல் மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு நிறத்தில் இருக்கும். முதன்முறை பார்ப்பவர் சாயம் பிழைத்துவிட்டது என்றே எண்ணுவார். கழியைத் தூக்கிக் காற்றில் பிடித்ததும் கண்ணெதிரே நீலம் ஏறும். காற்றுப் பட்டதும் சாயம் மறுபடி கரையாத உருவை எடுத்துவிடுகிறது. அப்போது அது நூலுக்குள் அகப்பட்டுக்கொண்டிருக்கும். பிறகு எத்தனை முறை துவைத்தாலும் வெளியே வர வழியில்லை. சந்தையில் சாரம் வாங்குபவர் விளிம்பை எச்சிலில் நனைத்துத் தேய்த்துப் பார்ப்பது இதைத்தான்.

கொஸ்ரிக் சோடா பருத்தியைத் தின்பதில்லை. இங்கிலாந்தில் ஜோன் மேர்சர் என்பவர் 1844ஆம் ஆண்டில் பருத்தித் துணியைக் கடும் காரத்தில் தோய்த்துப் பார்த்து, அது வலிமை பெற்றுச் சாயத்தையும் நன்றாகப் பிடிப்பதைக் கண்டார். 1850இல் அதற்கு உரிமம் பெற்றார். நூற் பெட்டிகளில் மேர்சரைஸ்ட் என்று அச்சிட்டிருப்பது அவருடைய பெயரே. ஆனால் அதே காரத்தில் பட்டையோ கம்பளியையோ போட்டுச் சூடாக்கினால் கரைந்து கூழாகிவிடும். மனிதருடைய தோலும் மயிரும் பருத்தியின் இனமல்ல, கம்பளியின் இனம். சாயப் பயிற்சிக்கு வரும் பெண்களுக்கு முதல் நாளில் சொல்லவேண்டியது இந்த ஒன்றையே.

வழுவழுப்பு ஒரு எச்சரிக்கை

மிளகாய்த் தூள் கையில் பட்டால் உடனே எரியும். நாம் உடனே கழுவுவோம். கொஸ்ரிக் சோடா கரைந்த நீர் பட்டால் பல வேளைகளில் முதலில் வலியே இராது. விரல்களைத் தேய்த்தால் சவர்க்காரம் பட்டதுபோல வழுவழுப்பாக இருக்கும். உண்மையில் அது சவர்க்காரமேதான்; தோலில் உள்ள எமது சொந்தக் கொழுப்பு சவர்க்காரமாக மாறிக்கொண்டிருக்கிறது. அமிலம் பட்டால் தசை வெந்து ஒரு பொருக்குக் கட்டும். அந்தப் பொருக்கு மேலும் உள்ளே போவதை ஓரளவு தடுக்கும். காரம் அவ்வாறு தன் வழியைத் தானே மூடிக்கொள்வதில்லை. கரைத்துக் கரைத்து உள்ளே இறங்கும். வலி தெரியும்போது அது ஆழத்தில் இருக்கும்.

ஆகவே வழுவழுப்பை உணர்ந்த கணமே தண்ணீர் வேண்டும். ஒரு வாளியில் கையை அமிழ்த்துவது போதாது. ஓடும் நீரில் இருபது நிமிடமாவது கழுவவேண்டும். நனைந்த உடுப்பைக் கழற்றிவிட வேண்டும். கண்ணில் தெறித்தால் இமையை விரித்துப் பிடித்து அரைமணி நேரம் நீர் ஊற்றியபின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லவேண்டும். வழியிலும் ஊற்றிக்கொண்டே போகலாம். தேசிக்காய்ப் புளியும் வினாகிரியும் காரத்தை முறிக்கும் என்று சிலர் காயத்தில் ஊற்றுவர். முறிக்கும்போது சூடு பிறக்கும், காயம் இன்னும் வேகும். பிள்ளை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யக்கூடாது. இறங்கும்போது ஒருமுறை வெந்த தொண்டை ஏறும்போது மறுமுறை வேகும். வாயைக் கொப்பளிக்கச் செய்து, போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

போத்தல் என்றதும் ஒன்றைச் சொல்லவேண்டும். சோடாப் போத்தலிலோ குளிர்பானப் போத்தலிலோ கரைத்த காரத்தை ஒருபோதும் வைக்காதீர்கள். தற்காலிகக் கொட்டிலில் அலுமாரி கிடையாது, உயரமான தட்டுக் கிடையாது. பாயும் பானையும் பிள்ளையும் சாயச் சாமானும் ஒரே அறையில். இந்த இடவசதியைப் பாராமல் பயிற்சி முடிந்த கையோடு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கிலோ கொஸ்ரிக் கொடுத்தனுப்புவது எனக்கு உடன்பாடில்லை. பூட்டுள்ள ஒரு பொது அறை கிடைக்கும்வரை பயிற்சியையே தள்ளிவைக்கலாம்.

சவர்க்காரம் செய்வோர் கவனத்துக்குச் சில அளவுகள்: தேங்காயெண்ணெய் ஒரு கிலோவுக்குக் கொஸ்ரிக் சோடா 170 கிராம், தண்ணீர் 350 கிராம் அளவில் போதும். எண்ணெயைப் போத்தலால் அளக்கவேண்டாம். ஒரு லீற்றர் தேங்காயெண்ணெய் ஒரு கிலோவுக்குக் குறைவு, ஏறக்குறைய 920 கிராம்தான். அளவிற் பிழைத்தால் காரம் மிஞ்சும். எப்போதும் தண்ணீரை முதலில் எடுத்து அதில் காரத்தைச் சிறிது சிறிதாக இடவேண்டும். காரத்தின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடாது. காரம் அலுமினியத்தைத் தின்று, தீப்பற்றும் வாயுவை வெளியிடும். சாயத்துக்கு வாங்கும் ஹைட்ரோஸ் தூளை ஈரம் படாமல் வைக்கவேண்டும்; ஈரம் பட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். செய்த சவர்க்காரத்தை நான்கு வாரம் காற்றில் வைத்தபின் விற்கலாம். அளவு சரியாயிருந்தால் அந்தக் கட்டியில் கொஸ்ரிக் என்று ஒன்று மீதியிராது. எண்ணெயும் காரமும் சேர்ந்து இரண்டுமல்லாத வேறொன்றாகியிருக்கும். அதைக் குழந்தையின் உடலில் தேய்க்கிறோம்.

பேச்சில் உறைப்பும் காரமும்

காரமான பேச்சு என்றால் கடுமையான பேச்சு என்றுதான் அகராதி சொல்லும். உறைப்பான பேச்சு என்பதும் ஏறத்தாழ அதே. நான் இரண்டையும் பிரித்துப் பார்க்க விரும்புகிறேன். மிளகாயும் கொஸ்ரிக்கும் கையில் வேறுவிதமாக நடந்துகொள்வதுபோல, பேச்சிலும் இவை இரண்டு வகை.

அகதி முகாம்களில் தண்ணீர்த் தாங்கியின் முன்னே எத்தனை சண்டைகள்! வாளியை முன்னே வைத்தது யார், வரிசையைக் குலைத்தது யார் என்று தொடங்கி, தாய், தகப்பன், சீதனம் வரை போகும். கேட்பவர் காதைப் பொத்திக்கொள்ளவேண்டியிருக்கும். ஆனால் இரவில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் காலையில் ஏசியவளே கொத்தமல்லி அவித்துக்கொண்டு வருவாள். அது உறைப்பு. உடனே எரிந்து உடனே ஆறிற்று.

மற்றது அப்படியில்லை. அது சத்தமிடாது. முகாமுக்கு அருகே வசிப்பவர் ஒருவர் மிகுந்த இரக்கத்தோடு, பாவம், இவர்களுக்கு யாராவது கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும் என்பார். வகுப்பில் பெயர் கேட்காமல், முகாம் பிள்ளைகள் கையை உயர்த்துங்கள் என்பார் ஒரு நல்ல ஆசிரியர், கொப்பி கொடுப்பதற்காகத்தான். கையை உயர்த்திய பிள்ளைக்கு அப்போது வலிக்காது. கொப்பி கிடைத்த மகிழ்ச்சிகூட இருக்கும். சில ஆண்டுகள் கழித்து அந்தப் பிள்ளை படிப்பை நிறுத்தும்போது காரணம் கேட்டால் அதற்குச் சொல்லத் தெரியாது.

நிவாரணக்காரர் என்று ஒரு சொல் உண்டாயிற்று. வயற்காரர், வண்டிக்காரர், தோணிக்காரர் என்று எமது மொழியில் வருகின்ற காரர் எல்லாம் ஒருவருடைய உழைப்பைச் சொல்லும் பெயர்கள். (இந்தக் 'காரர்' வேறு வேரிலிருந்து வந்தது, நாம் பேசும் காரத்தோடு உறவில்லை.) நிவாரணக்காரர் என்ற பெயரில் மட்டும் உழைப்பு இல்லை. சூடடித்த களத்தில் நின்று, கேட்டு வந்தவர்க்கெல்லாம் மரைக்காலால் நெல் அளந்து கொடுத்த ஒரு கமக்காரர் இந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டு வரிசையில் நின்றதை நான் கண்டிருக்கிறேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நல்லது.

எமது அலுவலகங்களில் இதைவிட வழுவழுப்பான சொல் ஒன்று உண்டு: பயனாளி. ஏசுவதற்கு எவரும் அதைப் பயன்படுத்துவதில்லை. அறிக்கைகளிலும் பதாகைகளிலும் மரியாதையாகத்தான் நிற்கிறது. ஆனால் வாய்க்காலைத் தானே வெட்டி, வரம்பைத் தானே கட்டி, விதையைக் கடனுக்கு வாங்கி விதைத்த ஒருவரை, அந்த விதைக்கடன் எம்மிடமிருந்து வந்தது என்பதற்காகப் பயனாளி என்று எழுதுகிறோம். திட்டத்தால் பயன்பெற்றவர் யார் என்று கணக்குப் பார்த்தால், மாதச் சம்பளம் பெற்ற நாங்களும் அந்தப் பட்டியலில் வரவேண்டுமல்லவா?

இந்தக் கரையில் இதைவிட ஆழமாக இறங்கிய காரமும் உண்டு. தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும்போல என்று மேடைகளில் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள் பலர். 1990ஆம் ஆண்டை மறந்து அந்த உவமையைச் சொல்ல முடியாது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்களும் ஏறாவூரில் உறங்கிக் கிடந்தவர்களும் கொல்லப்பட்டார்கள். அதே மாதத்தில் வீரமுனையில் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். ஒக்ரோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் யாவரும் வெளியேற்றப்பட்டார்கள். வெட்டியவர்களும் சுட்டவர்களும் சிலர். அதற்குப் பின் வீட்டுத் திண்ணைகளில், குரல் உயர்த்தாமல், பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்க, அவங்க ஆக்களே இப்படித்தான் என்று சொன்னவர்கள் மிகப் பலர். சொன்னவர்கள் கெட்டவர்கள் அல்லர். பிள்ளையைக் காக்கவேண்டும் என்ற அச்சத்தில் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகள் இன்று தாய் தந்தையராகிவிட்டார்கள். அயற்கிராமத்துச் சந்தைக்குப் போகாமலே வளர்ந்த ஒரு தலைமுறையை நாம் அறிவோம்.

குர்ஆனின் 49ஆம் அத்தியாயத்தில், ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரை எள்ளுவதும் பட்டப்பெயர் சூட்டுவதும் விலக்கப்பட்டிருக்கின்றன. புறம்பேசுவதைப்பற்றி அடுத்த வசனத்திலேயே மிகக் கடுமையாகக் கூறப்பட்டிருக்கிறது. எமது மறைநூலில் யாக்கோபு நாவை நெருப்புக்கு ஒப்பிட்டார். நெருப்பைவிடக் காரமே பொருத்தமான ஒப்பு என்று அவரிடம் சொல்லத் துணிவேன். நெருப்பைக் கண்டால் பிள்ளைகூட விலகும்.

நீதிமொழிகள் நூலில் 25ஆம் அதிகாரத்தில் ஓர் உவமை வருகிறது. துயரத்தில் இருப்பவன் முன்னே பாட்டுப் பாடுவது எதைப்போன்றது என்று அந்த ஞானி கேட்டு, சோடாவின்மேல் காடியை ஊற்றுவது போன்றது என்கிறார். எபிரேய மூலத்தில் உள்ள சொல் நேத்தர். எகிப்திய ஏரிகளில் வெட்டியெடுத்த சலவைக்காரம். சில மொழிபெயர்ப்புகள் இதைப் புண் என்று கொண்டு, புண்ணில் காடி என்று எழுதுகின்றன. சோடா என்பதே எனக்குப் பிடித்திருக்கிறது. அப்பச்சோடாவில் வினாகிரியை ஊற்றிப் பாருங்கள். பொங்கி நுரைக்கும், சிறிது நேரம் வேடிக்கையாக இருக்கும். நுரை அடங்கியபின் சோடாவும் பயன்படாது, காடியும் பயன்படாது. முகாம்களில் நாம் நடத்திய கலைநிகழ்ச்சிகள் சில இதற்குள் அடங்கும். காணி உறுதி தொலைந்த ஒருவருக்குக் காணிக் கச்சேரிக்குத் துணையாக ஒருவரை அனுப்புவதைவிட, பாட்டுக்காரரை அனுப்புவது எமக்கு எளிதாக இருந்தது.

அப்படியானால் காரமாகப் பேசவே கூடாதா? சித்த வைத்தியத்தில் காரநூல் என்று ஒரு சிகிச்சை உண்டு. பவுத்திர நோய்க்கு, அதாவது மலவாயின் பக்கத்தில் புரையோடும் புண்ணுக்கு, அறுவைக்குப் பதிலாக நூலைக் கட்டுவார்கள். அந்த நூலில் இலைக்கள்ளிப் பாலும், நாயுருவியை எரித்த சாம்பலிலிருந்து எடுத்த காரமும், மஞ்சளும் மாறி மாறிப் பூசி ஒவ்வொரு முறையும் உலர்த்துவர். வழக்கமான முறையில் மொத்தம் இருபத்தொரு பூச்சு. புரையின் வழியே அந்த நூலைக் கோத்துக் கட்டிவிட்டு, வாரம் ஒருமுறை புது நூல் மாற்றுவார்கள். அழுகிய தசையைக் காரம் சிறிது சிறிதாக அரிக்க, பின்னால் நல்ல தசை வளர்ந்துகொண்டு வரும். அறிந்த கை, குறித்த இடம், வாரக்கணக்கில் பொறுமை என்ற இம்மூன்றும் இல்லாவிட்டால் அது கொடுமையாகிவிடும்.

நிவாரணப் பொருட்களின் கணக்கைச் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்கும் ஒரு விதவைத் தாய் காரமாகப் பேசத்தான் வேண்டும். எத்தனை மூடை வந்தது, எத்தனை கொடுபட்டது, மிச்சம் எங்கே என்று அவள் கேட்கட்டும். எமது அலுவலகத்துக்கு வந்தும் கேட்கட்டும். ஒருமுறை கேட்டுவிட்டு விடாமல், அடுத்த மாதமும் அதே கேள்வியைக் கேட்கட்டும். ஆளைப்பற்றியும் அவன் இனத்தைப்பற்றியும் பேசாமல் மூடையைப்பற்றியே பேசுவாளானால், அந்தக் காரம் புண்ணைவிட்டு வேறிடத்தில் படாது.

உப்பு வேறு, காரம் வேறு

சொல்லை விட்டு மண்ணுக்கு வருவோம். வயலுக்குத் திரும்பியவர்கள் எம்மிடம் அதிகம் கேட்பது இதைத்தான்.

முதலில் சாயத் தண்ணீர். மருதமுனை போன்ற கரையோர ஊர்களில் மணலுக்குக் கீழே அதிக ஆழமில்லாமல் நல்ல நீர் கிடக்கிறது. மேலே ஊற்றுவது எதுவும் விரைவில் அந்த நீரைச் சேரும். சாயச் சட்டியைக் கிணற்றடியில் கவிழ்ப்பது அந்தக் கிணற்றில் கவிழ்ப்பதற்குச் சமம். எமது கரையில் இத்தொழில் சிறிய அளவில்தான் நடக்கிறது. பெரிதானால் என்னவாகும் என்பதைத் தமிழகத்தில் திருப்பூர் கண்டது. நொய்யல் ஆற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் 1992ஆம் ஆண்டில் பாசனத்துக்கென்று ஓர் அணை கட்டி முடிக்கப்பட்டது. மேலே இருந்த சாயப் பட்டறைகளின் உப்புக் கழிவு அதில் வந்து தேங்கியது. கீழேயிருந்த கமக்காரரின் கிணறுகளும் தென்னைகளும் கெட்டன. கமக்காரர் நீதிமன்றம் சென்றனர். ஈற்றில் 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப் பட்டறைகளையெல்லாம் மூடச் சொல்லிக் கட்டளையிட்டது. தண்ணீரும் போய், சில காலம் பட்டறைத் தொழிலாளரின் பிழைப்பும் போயிற்று. கிணற்றிலிருந்து தள்ளி, களிமண் பூசிய ஒரு குழியை முதலிலேயே வெட்டி வைத்தபின் சாயம் போடத் தொடங்குங்கள்.

அடுத்தது கடல்நீர் ஏறிய நிலம். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்தபோது இக்கரையில் வீடுகளும் தறிகளும் போனதோடு, கடலை அண்டிய வயல்களும் உப்பாயின. அதன்பின் கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் மீளக் கட்டக்கூடாது என்ற தடையும் வந்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. வயலைப் பொறுத்தவரை, மணற்பாங்கான இடங்களில் மாரி மழை உப்பைக் கழுவிச் சென்றது. களிமண் வயல்கள் சிலவற்றின் கதை வேறு. இங்கேதான் உவருக்கும் களருக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்திருக்கவேண்டும்.

உவர் நிலத்தில் உப்பு மண்ணுக்கு நடுவே சும்மா கிடக்கிறது. கோடையில் வெள்ளையாகப் பூக்கும். நல்ல நீரைப் பாய்ச்சி வடியவிட்டால் போய்விடும். களர் நிலத்தில் உப்பிலிருந்த சோடியம் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்த மண் காரத்தன்மை அடைகிறது. மழை பெய்தால் நீர் இறங்காமல் கலங்கி நிற்கும். காய்ந்தால் சீமெந்துபோல இறுகும். முளை மேலே வர முடியாமல் உள்ளேயே மடியும். இதற்கு மழை மட்டும் மருந்தாகாது. இன்னும் சொன்னால், மிச்சமிருந்த உப்பையும் மழை கழுவிவிட்டபின்தான் களிமண் முற்றாகக் குழைந்து கெடுகிறது. சோடியத்தைக் கிளப்பவேண்டுமானால் அது பிடித்திருக்கும் இடத்தில் அமர வேறொன்று வரவேண்டும். ஜிப்சம் இடுவது அதற்காகவே. ஜிப்சத்தில் உள்ள கல்சியம் களிமண்ணோடு சேர, சோடியம் நீரில் இறங்கும். இறங்கிய நீர் வெளியேற வடிகால் வேண்டும். வடிகால் வெட்டாமல் ஜிப்சம் இடுவது பணத்தைச் சேற்றில் போடுவதாகும். வடிகாலோ ஒருவர் வயலோடு முடிவதில்லை. பக்கத்து வயற்காரரும், அவருக்கு அடுத்தவரும், வட்டை விதானையும் சேர்ந்து பேசியாகவேண்டும். அவர்கள் தமிழராயிருக்கலாம், முஸ்லிமாயிருக்கலாம், சிங்களவராயிருக்கலாம்.

உங்கள் மண் எவ்வகை என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். வெள்ளைத் துணித் துண்டொன்றை மஞ்சள் நீரில் தோய்த்து உலர்த்துங்கள். மண்ணை மழை நீரில் கரைத்துத் தெளிந்த நீரை அதில் விடுங்கள். சுண்ணாம்பு பட்ட மஞ்சள்போலச் சிவந்தால் காரம் இருக்கிறது. இன்னொரு சோதனை இதைவிட நல்லது. இரண்டு கண்ணாடிக் குவளைகளில் மழை நீர் எடுத்து, ஒவ்வொன்றிலும் காய்ந்த மண் கட்டி ஒன்றை இட்டு, கலக்காமல் வையுங்கள். கட்டியைச் சுற்றிப் பால்போல ஒரு கலங்கல் பரவி மணிக்கணக்காக அடங்காமல் நின்றால் அது களர். அப்போது ஒரு குவளையில் மட்டும் ஒரு சிட்டிகை ஜிப்சத் தூளைப் போட்டுக் கலக்கிவிட்டுப் படுத்துவிடுங்கள். காலையில் ஒரு குவளை முன்போலவே கலங்கியிருக்கும். மற்றதில் மண் அடியில் படிந்து நீர் தெளிந்திருக்கும்.

அந்த இரண்டு குவளைகளையும் கையோடு எடுத்துக்கொண்டு விவசாயப் போதனாசிரியரிடம் போங்கள். ஏக்கருக்கு எவ்வளவு ஜிப்சம் என்பதை மண்ணைப் பரிசோதித்து அவர் சொல்லட்டும். உவரைத் தாங்கும் ஏ.ரி. 354 நெல்லினம் உங்கள் வட்டைக்கு ஏற்றதா என்பதையும், ஜிப்சம் இட்டு நீர் வடித்தபின் எந்தப் போகத்தில் விதைக்கலாம் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்போகத்துக்கு முன்பே போவது நல்லது.